ஐயாசாமி இன்னும் இறங்கவில்லை

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் ரம்லாவுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. தெரிந்துகொள்வதற்கு நான் படும் பாட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. காய்ந்த துணியை மறுபடி நனைத்து மாடியில் காயப்போடுவது சும்மா நடக்கிற காரியமா? ஆகவே, பக்கத்து வீட்டு ஐயாசாமி அண்ணனைப் பற்றி உக்கடம் முழுக்க இப்போது உலவும் கதைகளில், அவருக்குத் திருப்பூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பது உட்பட, ஒன்றுகூட உண்மையில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பலாம். அவர் அன்றைக்குத் திருப்பூருக்குப் போகவே இல்லை. நான் கூடவே இருந்தேன்.

எதற்குக் கூடப் போனாய் என்று கேட்பீர்கள். சூலூரில் அவர் மகள் இளவேனிலுக்கு நிச்சயதார்த்தம். அண்ணி சின்னத்தாயியும் சொந்தக்காரர்களும் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். பூ வாடிவிடக் கூடாது என்று அண்ணன் மட்டும் பூமார்க்கெட்டில் காத்திருந்து, மாலையும் உதிரிப்பூவும் வெற்றிலையும் நிறைத்த மூங்கில் கூடையோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. இரண்டு காது வைத்த கூடை. ஒரு காதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் பிடித்தேன்.

அண்ணனின் மரியாதையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதனால்தான் வந்தது. வாசலில் படுத்திருக்கும் தெருநாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்குங்க" என்றுதான் சொல்வார். சம்பந்தியாகப் போகிற சூலூர் சுப்பையன் இன்னும் ஒரு படி மேல். விசைத்தறிப் பட்டறைக்காரர். முந்தைய சம்பந்தம் ஒன்றை அவர் முறித்ததற்குக் காரணம், பெண்ணின் அப்பா கேட்டுக்கு வெளியே வந்து வரவேற்காமல் உள்ளேயே நின்று "வாங்க" என்றாராம். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. ஆனாலும் முறை முறைதானே.

இளவேனிலுக்கு மாப்பிள்ளை கதிரேசனைப் பிடித்துப்போயிருந்தது. அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் சில மாதங்களாக ஜன்னலோரம் போனில் அவள் சிரிக்கிற சிரிப்பு அதற்கு முன்னால் நான் கேட்காத சிரிப்பு. ஆகவே அன்றைக்கு நல்ல நேரம் முடிவதற்குள் ஐயாசாமி அண்ணன் சூலூர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தாம்பாளத்தை மாற்றிக்கொள்ளப் பெண்ணைப் பெற்றவர் நிற்க வேண்டாமா?

திருச்சி ரோட்டில் பாலம் கட்டுகிறார்கள். பஸ்ஸை நம்பினால் அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். அதனால் ரயில் என்று முடிவாயிற்று. உக்கடத்திலிருந்து சிங்காநல்லூர் வரை தூண்மேல் போகும் நகர ரயில். அங்கே இறங்கி வட்டார ரயிலில் மாறினால் சூலூர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அட்டை. அதை நடத்துவது ஒரே அட்டை ஆணையம். 'ஒரே அட்டை, ஒரே பயணம், ஒரே புன்னகை' என்று அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறார்கள். நகர ரயில் ஒரு நிர்வாகம், வட்டார ரயில் இன்னொரு நிர்வாகம், அட்டை மூன்றாவது நிர்வாகம். ஒற்றுமைக்காக மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைத்து மூன்று வாசல் போட்டிருக்கிறார்கள்.

சிங்காநல்லூரில் நகர ரயிலை விட்டு வெளியே வரப் பச்சைக் கதவு. வட்டார ரயிலுக்குள் போக நீலக் கதவு. இரண்டுக்கும் நடுவே கண்ணாடி போட்ட இணைப்புக் கூடம். பச்சையில் அட்டையைக் காட்டி வெளியே வந்து, நீலத்தில் காட்டி உள்ளே போக வேண்டும். பச்சைக் கதவை இருவரும் சுகமாகக் கடந்தோம். அண்ணன் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். நீலக் கதவில் நான் முதலில் போய்விட்டேன். அண்ணன் அட்டையைக் காட்டினார், கதவு திறந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஓடி வந்தாள். அண்ணன் சட்டென்று ஒதுங்கினார்.

"நீங்க போங்க கண்ணு, ரயிலு போயிரப்போவுது."

அவள் போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. அண்ணன் சிரித்தபடி மறுபடி அட்டையைக் காட்டினார். 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்' என்றது திரை. சரி, வந்த வழியே போய் முதலிலிருந்து வரலாம் என்று பச்சைக் கதவுக்குப் போனார். 'நீங்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டீர்கள். நன்றி' என்றது அது.

அண்ணன் கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். கூடைக்குள்ளிருந்த சம்பங்கி மட்டும் ஒன்றும் நடக்காதது போல் மணத்துக்கொண்டிருந்தது.

காவலுக்கு நின்றவர் யூனுஸ் பாய். கோட்டைமேட்டுக்காரர். என் மாமியார் வழியில் தூரத்துச் சொந்தம். அவருடைய மூத்த மகள் கல்யாணப் பிரியாணியில் உப்புத் தூக்கல், அது இருக்கட்டும். ஓரத்தில் ஓர் அகலமான கம்பிக் கதவு இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, அதைத் திறந்துவிடச் சொன்னேன்.

"அது சரக்குக்கும் அமைச்சருக்கும்தான் ரம்லா. ஆளுக்குத் திறந்தா எனக்கு வேலை போயிரும்."

"கூடையையாவது இந்தப் பக்கம் வாங்கிக்கறேன்."

"கதவுக்கு மேல கை மாத்துனா அது கடத்தல் கணக்குல வருது. போர்டு பாரு." பிறகு அண்ணனிடம் திரும்பி, "கவலப்படாதீங்கய்யா. அங்க உக்காந்திருக்கறவங்க அத்தன பேரும் உங்க கேசுதான்" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். சுவரோரம் நீளமான பெஞ்சு. 'நிலுவைப் பயணிகள் இருக்கை' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. வேட்டி கட்டிய ஒரு வாத்தியார், யூனிபார்ம் போட்ட இரண்டு நர்சுகள், மடியில் டிபன் கேரியரோடு ஒரு மில்காரர். எல்லோரும் யாரோ ஒருவருக்கு 'நீங்க போங்க' சொன்னவர்கள். அண்ணனைக் கண்டதும் நால்வரும் ஒரே நேரத்தில் எழுந்து, "உக்காருங்க" என்றார்கள். "அய்யோ, நீங்க உக்காருங்க" என்றார் அண்ணன். கடைசியில் ஐந்து பேரும் நின்றார்கள். பெஞ்சு காலியாக இருந்தது.

இதற்குள் சூலூரில் இன்னொன்று தொடங்கியிருந்தது. அண்ணன் வைத்திருப்பது பட்டன் போன் என்பதால் அட்டையைச் சின்னத்தாயி அண்ணியின் நம்பரில் பதிந்திருந்தார்கள். ஆணையம் குடும்பங்களின் மேல் அக்கறை கொண்டது. பயணி எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று வீட்டுக்கு வழியெல்லாம் செய்தி அனுப்பும். அண்ணனுடைய போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடியோரம் கொண்டுவரச் சொன்னேன். ஒட்டுக்கேட்பதற்காக அல்ல, உதவிக்காக.

"ஏனுங்க, எங்கிருக்கறீங்க?" அண்ணியின் குரல்.

"சிங்காநல்லூர்லதான் புள்ள. கதவு தொறக்க மாட்டேங்குது."

"இருகூர் தாண்டீட்டீங்கன்னு செல்லுல வந்துச்சுங்களே?"

"நான் எங்க புள்ள தாண்டுனேன்? இங்க நின்னுட்டிருக்கேன்."

போன் கை மாறியது. சுப்பையன். "சம்பந்தி, வணக்கமுங்க. மண்டபத்துல எல்லாரும் காத்துட்டிருக்கறாங்க. ஸ்டேசனுக்கு வண்டி அனுப்பியிருக்கேனுங்க. எறங்கீருங்க."

"நான் ரயிலே ஏறலீங்க சம்பந்தி."

"செல்லுல அப்புடிப் போடலீங்களே. 'உங்கள் பயணி சூலூரை நெருங்குகிறார்'னு போட்டுருக்குதுங்க."

"அது தப்பா வருதுங்க."

"கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்னங்க கோவம், பொய் சொல்றதுக்கு?"

கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்ததாக அண்ணி அழாத குறையாகச் சொன்னார்: 'உங்கள் பயணி சூலூரில் இறங்கவில்லை. திருப்பூர் நோக்கித் தொடர்கிறார். பயணம் இனிதாகட்டும்.' மண்டபத்தில் அதைச் சுப்பையன் சத்தமாகவே படித்தாராம். கேட்டுக்கு வெளியே வராதவருக்கே சம்பந்தம் முறிந்தது. நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தைத் தாண்டித் திருப்பூருக்குப் போகிறவரை என்ன செய்வது?

போனில் இளவேனில் வந்தாள். "அப்பா, அந்தக் கதவைத் தாண்டிக் குதிச்சு வந்துருங்கப்பா."

"கண்ணு, தாண்டக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க கண்ணு."

அவள் போனை வைக்கவில்லை. மண்டபத்து நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

யூனுஸ் பாய் தகவல் சொல்லி, இணைப்பு இடர் தீர்வு அலுவலர் கிருபாசங்கர் வந்து சேர்ந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஐயாசாமி யாரு?"

"நானுங்க."

"இல்லீங்க. ஐயாசாமி சோமனூர் தாண்டிட்டாரே."

"சார், நான் உங்க முன்னாடிதானுங்க நிக்கறேன்."

அலுவலர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இரண்டில் திரைதான் அவருக்குப் பழகிய முகம். "உங்க உணர்வு எனக்குப் புரியுது. உங்களப் பொறுத்தவரைக்கும் நீங்க இங்க இருக்கீங்க. எங்களப் பொறுத்தவரைக்கும் வஞ்சிபாளையம் போயிட்டிருக்கீங்க. பேசி ஒரு நடுவுக்கு வரலாம்."

"நடுவுன்னா இருகூருங்களா?" அண்ணன் நிஜமாகவே கேட்டார். அங்கே இறக்கிவிட்டால்கூடப் பரவாயில்லை, ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

"ஐயா, உங்கள நம்பலைன்னு நான் சொல்லலை. உங்கள நம்புனா சிஸ்டத்த நம்பலைன்னு ஆயிரும். சிஸ்டத்துக்கு நாங்க எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் தெரியுங்களா? உங்களுக்கு நாங்க ஒண்ணுமே செலவு பண்ணலையே." குரலில் கோபமே இல்லை. வருத்தம்தான் இருந்தது. "இந்தக் கதவு எத்தனையோ ஊர்ல ஓடுது. எங்கயும் இந்தப் பிரச்சினை வந்ததில்லை. அங்கெல்லாம் ஜனங்க ஒருத்தர ஒருத்தர் தள்ளிட்டுப் போவாங்க. மனுசன் முண்டியடிப்பான்னு நம்பித்தான் இதை டிசைனே பண்ணியிருக்கு. இங்க வந்து கதவு தொறந்த பின்னாடி நீங்க போங்க, நீங்க போங்கன்னா மெசின் என்ன பண்ணும்?"

"சோதனை ஓட்டத்திலேயே தெரிஞ்சிருக்குமே?" கண்ணாடி வழியாக நான் கேட்டேன்.

"சோதனை ஓட்டம் நூத்துக்கு நூறு வெற்றிங்க மேடம். ஒரு புகார்கூட வரலை. அப்ப பயணிங்களையே விடலை." பிறகு, ஆணையம் சும்மா இருக்கவில்லை என்பதைக் காட்டச் சுவரைச் சுட்டினார். புதிய போர்டு: 'பிறருக்கு வழிவிடாதீர். அது உங்கள் பயணத்தைப் பாதிக்கும்.' "மரியாதைத் தடுப்பு விழிப்புணர்வு வாரம் நடத்துறோம். போன தடவை திறப்பு விழாவுலயே நானும் மேலதிகாரியும் ரிப்பன் வெட்ட நீங்க வெட்டுங்க, நீங்க வெட்டுங்கன்னு நின்னு சாயங்காலம் ஆயிருச்சு. எங்களுக்கும் கஷ்டம் தெரியும்."

"இப்ப நான் என்னங்க பண்ணோணும்?"

"அட்டையைத் திருப்பூர்ல கொண்டுபோய்க் காட்டி இறங்கிட்டாப் போதும். பயணம் முடிஞ்சிரும்."

"திருப்பூருக்கு எப்படிங்க போறது?"

"ரயில்லதான்."

"ரயிலுக்கு எப்படிங்க போறது?"

அலுவலர் நீலக் கதவைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டில் எதையோ வெகுநேரம் தேடினார். அண்ணன் கூடையின் மேல் ஈரத்துணியை இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வாழ்நாளில் எத்தனை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பார்! எந்த இடத்தில் கேள்வியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

அப்போதுதான் சூலூர்ப் பக்கமிருந்து வந்த ரயிலில் சுப்பையன் இறங்கினார். தனியாக. பட்டு வேட்டி, தோளில் துண்டு, உதட்டில் இறுக்கம். என்னைத் தாண்டிப் போய் நீலக் கதவில் அட்டையைக் காட்டிக் கூடத்துக்குள் நுழைந்தார். அண்ணன் பதறி எழுந்தார்.

"வாங்க சம்பந்தி."

"வாரேனுங்க. திருப்பூர் போயிட்டுத் திரும்பியும் வந்துட்டீங்களா?"

"நான் போகவே இல்லீங்க. இந்தப் பாய்கிட்ட வேணும்னா கேளுங்க. சார்கிட்ட கேளுங்க."

சுப்பையன் சாரைப் பார்த்தார். கிருபாசங்கர் கடமை தவறாதவர். "எங்க கணக்குப்படி திருப்பூர்லதாங்க இருக்காரு" என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா? பட்டறைக்காரனா இருந்தாலும் எனக்கும் ஊர்ல ஒரு பேரு இருக்குதுங்க. நெறஞ்ச மண்டபத்த வச்சுக்கிட்டு, எறங்க வேண்டிய எடத்துல எறங்காமப் போறதுன்னா என்னங்க அர்த்தம்? இந்தப் பேச்ச இதோட உட்டுருவமுங்க."

எங்கள் பக்கத்தில் உறவை முறிப்பதும் 'ங்க' போட்டுத்தான். அண்ணனின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. நான் பார்க்காமல் திரும்பிக்கொண்ட விஷயம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

சுப்பையன் விறுவிறுவென்று நீலக் கதவுக்குப் போய் அட்டையைக் காட்டினார். கதவு திறந்தது. ஆனால் எவ்வளவு கோபமானாலும் சொல்லிக்கொள்ளாமல் போகிற குடும்பமில்லையே அது. திரும்பி நின்று கையைக் கூப்பினார்.

"அப்ப நான் போயிட்டு வாரேனுங்க."

"சரிங்க, போயிட்டு வாங்க," என்று அண்ணனும் கும்பிட்டார்.

"ஊட்டுல கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க. பாத்துப் போங்க."

"வாரேனுங்க."

"ஆகட்டுமுங்க."

திரும்பினார். கதவு மூடியிருந்தது. மறுபடி அட்டையைக் காட்டினார். 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.' பச்சைக் கதவுக்குப் போனார். 'உங்கள் நகர ரயில் பயணம் தொடங்கப்படவில்லை. உக்கடத்தில் தொடங்கவும்.' அவர் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் அண்ணன் பார்த்த அதே பார்வை. பெஞ்சருகே நின்ற நால்வரும் கோரஸாக, "உக்காருங்க" என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் சுப்பையனின் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து அவர் சம்சாரம். கூடம் முழுக்கக் கேட்டது. "ஏனுங்க, சம்பந்தியப் பாக்கப் போறேன்னுட்டு, சூலூர்லகூட எறங்காமத் திருப்பூருக்கு எதுக்குங்க போறீங்க? உங்களுக்கு அங்க யாருங்க இருக்கறாங்க?"

"நான் சிங்காநல்லூர்ல இருக்கேன் புள்ள!"

"செல்லுல அப்புடிப் போடலீங்களே."

சுப்பையன் போனைப் பையில் வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பெஞ்சில் உட்காரவில்லை. பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சம்பந்தி."

"சொல்லுங்க."

"நீங்க திருப்பூர் போகலீங்களா?"

"போகலீங்க."

"நானும் போகலீங்க," என்றார் சுப்பையன்.

நிச்சயம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாம்பாளம் மாற்றுவதுதான் பாக்கி. ஆனால் தாம்பாளம் சூலூரில் இருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று கிருபாசங்கர் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"ஐயா, கூடையில என்ன?"

"பூவுங்க."

"வாடுமா?"

"பூவுன்னா வாடாதுங்களா சார்?"

"அப்ப முடிஞ்சுது! அழுகும் பொருளை இணைப்புக் கூடத்துல நிறுத்தி வைக்கக் கூடாது. விதி இருக்கு. சரக்குக் கதவு வழியா உடனே அனுப்பி ஆகணும்."

"மனுசங்க சார்?" என்றார் யூனுஸ் பாய்.

"மனுசன் கெட்டுப்போற மாதிரி விதியில எதுவும் இல்லை பாய்." அலுவலர் கூடையைச் சுற்றி வந்தார். "ரெண்டு காது. அப்ப ரெண்டு பேர் தூக்கணும், அதுவும் விதி. தூக்குறவங்க கணக்குல வர மாட்டாங்க. கூடைதான் வெளிய போகுது. நல்லாப் புரிஞ்சுக்குங்க, நான் உங்கள விடலை. கூடையத்தான் விட்டேன்."

கம்பிக் கதவு திறந்தது. சம்பந்திகள் ஆளுக்கொரு காதைப் பிடித்தார்கள். நல்லவேளை, ஒருவர் முன்னால் போனால் கூடை சாய்ந்துவிடும். 'நீங்க போங்க' சொல்ல இரண்டு பேருக்கும் வழியில்லை. சேர்ந்தே நடந்தார்கள். சூலூர் ஸ்டேசனிலும் சரக்குக் கதவு வழியாக அவர்களை வெளியே கொண்டுவந்தது அந்தக் கூடைதான். இருட்டுவதற்குள் தாம்பாளம் மாறியது. பூமாலை பாதி வாடியிருந்தது. இளவேனில் அதையே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அதைப் பற்றிச் சுப்பையன் மூச்சு விடவில்லை.

இப்போது அந்தக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு காதுக் கூடை வாடகைக்கு விடுகிறார். பெஞ்சு காலி. நிலுவைப் பயணிகள் யாருமே இல்லாத இணைப்பு நிலையம் என்று ஆணையத்துக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். வாங்க மேடையேறிய கிருபாசங்கர், "இது தொழில்நுட்பத்தின் வெற்றி" என்று பேசியதாக யூனுஸ் பாய் சொன்னார்.

கல்யாணத்துக்கும் போயிருந்தேன். தாலி ஏறி, அட்சதை விழுந்து, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட நேரத்தில் சின்னத்தாயி அண்ணியின் செல் சிணுங்கியது. 'உங்கள் பயணி ஐயாசாமி திருப்பூரில் இன்னும் இறங்கவில்லை. பயணம் இனிதாகட்டும்.' அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். சுப்பையன் தன் சம்சாரத்தின் செல்லை வாங்கிக் காட்டினார்.

"கவலப்படாதீங்க சம்பந்தி. நானும் அங்க உங்ககூடத்தான் இருக்கேனுங்க."

பிறகு சாப்பிடப் போனோம். பந்திக் கதவுக்கு அட்டை கிடையாது, அது தானாக மூடுவதும் இல்லை. இருவரும் அதன் முன்னால் நின்றார்கள்.

"நீங்க போங்க சம்பந்தி."

"அய்யோ, நீங்க போங்க."

அவர்களுக்குப் பின்னால் ஊரே நின்றது. யாரும் தள்ளவில்லை. உள்ளே இலை போட்டு, சாம்பார் ஊற்றி, அதுவும் ஆறத் தொடங்கியது. நான் இருவருக்கும் நடுவில் புகுந்து போய் உட்கார்ந்துகொண்டேன்.